முன்பணமும் முகதாட்சண்யமும்

கம்ப்யூட்டரின் முன் அமர்ந்து லோகோவும் லேபிளும் கேட்டலாகும் செய்து ஜீவனம் நடத்துகிற எங்களைப் போன்றவர்களுக்குத் தொழிலில் நேரும் துன்பங்களில் பெரும்பாலானவை தொழில் தெரியாமையினால் வருவதில்லை. யாருக்காகச் செய்கிறோம், எதுவரை செய்கிறோம், எப்போது ஊதியம் பெறுகிறோம் என்பவற்றை ஆரம்பத்திலேயே வாய்விட்டுப் பேசி முடிக்காமல், எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகத்தைப் பார்த்ததும் கூச்சப்பட்டுக்கொண்டு வேலையில் இறங்கிவிடுவதனால்தான் வருகின்றன. கோயம்புத்தூரில் சிறியதொரு டிசைன் ஆபீஸ் நடத்திவரும் என்னிடம், புதிதாகக் கடை திறந்திருக்கும் இளைஞர்கள் வந்து விசாரிப்பதெல்லாம் எந்த சாஃப்ட்வேரைக் கற்பது, எவ்வளவு விலை சொல்வது என்பவற்றைத்தான். எந்த வாடிக்கையாளரை ஏற்பது, எவரைக் கும்பிடு போட்டு அனுப்பிவைப்பது என்பதை ஒருவரும் கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் சொல்லிவிடலாமென்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். சற்று நீளமாகத்தான் இருக்கும். காபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிதானமாக வாசியுங்கள்.

முதலில் ஒரு தப்பபிப்பிராயத்தை நீக்கிவிட வேண்டும். பேரம் பேசுகிறவர் எல்லாம் தொல்லை பிடித்தவர் என்று நம்மவர்கள் எண்ணுகிறார்கள். எங்கள் கொங்கு நாட்டில் கீரைக்கட்டுக்குக்கூடப் பேரம் உண்டு. இரும்புக்கும் காப்பர் வயருக்கும் பைசாக் கணக்குப் பார்த்துப் பம்ப்செட் செய்து விற்கிற ஒருவர், என் கொட்டேஷனைக் கையில் வாங்கியதும், ‘ஏனுங்க, இது சாஸ்தியா இருக்குதுங்களே’ என்று சொல்லாவிட்டால்தான் நான் ஆச்சரியப்பட வேண்டும். விலையைக் குறைக்கச் சொல்லி வாதாடுகிறவர் அந்த விலையைக் கொடுக்க உத்தேசித்திருக்கிறார் என்பதே அதன் பொருள். தன் கையிலிருந்து போகப்போகிற பணத்தின் மீதுதான் மனிதனுக்கு அத்தனை அக்கறை பிறக்கும். அதற்கு மாறாக, என்ன செலவாகும் என்று ஒரு வார்த்தை கேட்காமல், ‘காசு ஒரு பிரச்சினையே இல்லீங்க, வேலை நல்லா இருக்கோணும், அவ்வளவுதான்’ என்று தாராளமாகச் சொல்லிவிட்டுக் கார் சாவியைச் சுழற்றிக்கொண்டு எழுந்துபோகிறவரிடத்தில்தான் நான் ஜாக்கிரதையாக இருப்பேன். அவர் கெட்டவராக இருக்க வேண்டுமென்பதில்லை. விலையைப் பற்றி அவர் மனத்தில் ஓர் எண் இருக்கிறது, அதை என்னிடம் சொல்லவில்லை, என்னுடையதைக் கேட்கவும் இல்லை. அவ்விரண்டும் சந்திக்கப்போகிற நாள் இருவருக்குமே நல்ல நாளாக இராது.

இதிலிருந்து எனக்குக் கிடைத்த பொதுவிதி ஒன்று உண்டு. அபாயக்குறி என்பது ஆளின் சுபாவத்தில் இருப்பதைக் காட்டிலும், அவர் எதை நிச்சயப்படுத்தாமல் விட்டுவிடப் பார்க்கிறார் என்பதிலேயே அதிகம் இருக்கிறது. முடிவு சொல்லப்போகிறவர் யார், வேலை எந்த இடத்தில் முடிகிறது, பணம் எப்போது வருகிறது என்ற மூன்று கேள்விகளை மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள். கறாரானவரும் கோபக்காரரும்கூட நேராகப் பதில் சொல்வார்களாகில், அவர்களோடு தாராளமாக வேலை செய்யலாம். தேனொழுகப் பேசுகிறவர் இம்மூன்றில் ஒன்றுக்கு, ‘அதெல்லாம் பார்த்துக்கலாமுங்க, நமக்குள்ள என்ன’ என்று சிரித்து மழுப்பினால், அங்கே பேனாவைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு முறை அதே கேள்வியைக் கேட்பதே விவேகம்.

‘ஒரு மாடல் போட்டுக் காட்டுங்க’

எல்லாவற்றிலும் சர்வசாதாரணமாகக் காதில் விழுவது இதுதான்: ‘முதல்ல ஒரு மாடல் போட்டுக் காட்டுங்க தம்பி, புடிச்சிருந்தா மேல பேசிக்கலாமுங்க.’ தையற்காரரிடம் போய், சட்டையைத் தைத்துக் காட்டுங்கள், போட்டுப் பார்த்துப் பிடித்தால் துணிக்கும் கூலிக்கும் பேசலாம் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் நம் வேலையில் துணியும் நூலும் கண்ணுக்குத் தெரிவதில்லையாதலால், செலவே இல்லாத காரியம் போல் தோன்றிவிடுகிறது. அந்த ‘ஒரு மாடல்’ என்பதற்குள்தான் யோசனையெல்லாம் அடங்கியிருக்கிறது. அதைக் கொடுத்தபின் மிஞ்சுவது கைவேலை மட்டுமே, அதை யாரைக் கொண்டும் முடித்துக்கொள்ளலாம்.

இதற்கு உடனே ஓர் ஆட்சேபம் எழும். நம் ரூபாய்ச் சின்னமே போட்டியின் மூலம் வந்ததுதானே என்பார்கள். வாஸ்தவம்; மத்திய நிதியமைச்சகம் பகிரங்கமாகப் போட்டி நடத்தி, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வடிவங்கள் வந்து குவிந்து, அவற்றிலிருந்து நம் தமிழ்நாட்டுக்காரரான உதயகுமாரின் வடிவம் 2010 ஜூலையில் தேர்ந்தெடுக்கப்பட்டு, அவருக்கு இரண்டரை லட்சம் ரூபாய் பரிசும் கிடைத்தது. அங்கே விதிமுறை முன்கூட்டி எல்லோருக்கும் தெரிந்திருந்தது, பரிசுத்தொகை தெரிந்திருந்தது, இஷ்டப்பட்டவர்கள் கலந்துகொண்டார்கள். ஒரு முறுக்குக் கம்பெனிக்காரர் நான்கு டிசைனர்களிடம் தனித்தனியாக, ஒருவருக்கொருவர் தெரியாமல், மாடல் கேட்பதில் இந்த அம்சங்களில் ஒன்றேனும் உண்டா? ஆகவே நான் சொல்லும் பதில் இதுதான்: ‘இதுவரைக்கும் செஞ்ச வேலையெல்லாம் இந்த ஃபைல்ல இருக்குதுங்க, சாவகாசமாப் பாருங்க. உங்களுக்காகப் புதுசா யோசிக்கிறது அட்வான்ஸ் வந்ததுக்கப்புறந்தானுங்க.’ இதைக் கேட்டதும் எழுந்து போய்விடுகிறவர்கள் உண்டு. அவர்கள் போவதனால் எனக்கு மிஞ்சுவது அந்த வாரம் முழுவதும்.

மறைவிலிருக்கும் மாப்பிள்ளை

இரண்டாவது குறி, எதிரே உட்கார்ந்து பேசுகிறவர் முடிவு சொல்கிறவராக இல்லாதிருப்பது. மசாலாப் பொடி வியாபாரம் தொடங்கவிருந்த ஒரு தம்பதியர் என்னிடம் பாக்கெட் டிசைனுக்காக வந்தார்கள். அம்மையாருக்குப் பொடியைப் பற்றித் தெரியாதது ஒன்றுமில்லை. கொத்தமல்லியை எந்தப் பதத்தில் வறுக்க வேண்டும் என்பதிலிருந்து விவரமாகச் சொன்னார். எல்லாம் பேசி முடித்து எழுந்திருக்கையில் அவருடைய கணவர், ‘நீங்க போடுங்க, எங்க மாப்பிள்ளை ஒரு தரம் பாத்துட்டு ஓகே சொல்லிருவாருங்க’ என்றார். அந்த மாப்பிள்ளையை அதுவரை ஒருவரும் பிரஸ்தாபிக்கவே இல்லை.

நான் அவர்களை மறுபடி உட்காரச் சொல்லி, மாப்பிள்ளையோடு பேசாமல் ஒரு கோடுகூடப் போடுவதற்கில்லை என்று பணிவாகத் தெரிவித்து, அப்போதே போனில் அழைத்து ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். மாப்பிள்ளை துபாயில் இருப்பவர். மாமனாரும் மாமியாரும் கோவை மளிகைக் கடைகளை மனத்தில் வைத்துக்கொண்டு பேசியிருக்க, அவர் அங்கேயுள்ள சூப்பர் மார்க்கெட்டுக்குச் சரக்கனுப்பும் உத்தேசத்தில் இருந்தார்; அந்த நாட்டுக்குப் போகும் உணவுப் பொட்டலத்தில் அரபி எழுத்தில் விவரம் இருந்தாக வேண்டும். பாக்கெட்டின் பின்பக்கத்தில் பாதி இடத்தை அரபிக்கு ஒதுக்க வேண்டிய வேலைக்கும், ஒதுக்க வேண்டாத வேலைக்கும் வடிவம் வேறு, உழைப்பு வேறு, கட்டணம் வேறு. அந்தப் பேச்சு நடவாமல் இருந்திருந்தால், மூன்று பேரும் நல்லவர்களாக இருந்தும், நாலாம் மாதத்தில் ஒருவர்மேல் ஒருவர் குறைப்பட்டுக்கொண்டிருப்போம். இப்போதெல்லாம் என் கொட்டேஷனின் முதல் வரியே, ‘ஒப்புதல் அளிப்பவர்’ என்று போட்டு, ஒரே ஒரு பெயருக்கு இடம் விட்டிருக்கும்.

‘அந்தக் கம்பெனி பாக்கெட் மாதிரியே…’

மூன்றாவதாகச் சொல்லப்போவது பண நஷ்டத்தோடு நிற்காமல் சட்டத் தொந்தரவிலும் கொண்டுபோய்விடக் கூடியது. பிரசித்தமான ஒரு கம்பெனியின் பொட்டலத்தை மேஜைமேல் வைத்து, ‘இதே மாதிரி வேணுங்க, ஆனா இதே மாதிரி இருக்கப்படாது’ என்று சொல்கிறவரின் கோரிக்கையில் நகைச்சுவை இருந்தாலும், அதன் கருத்து, கடைக்கு வருகிறவர் கொஞ்சம் ஏமாந்து இதை எடுத்துவிட வேண்டும் என்பதுதான். வாங்குகிறவரை மயங்கச்செய்யும் அளவுக்கு ஒத்த தோற்றம் இருந்தால் 1999-ஆம் ஆண்டின் வர்த்தகச் சின்னச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடர இடமுண்டு. வக்கீல் நோட்டீஸ் வருகிற அன்று, ‘டிசைனர்தான் இப்படிப் போட்டுக் கொடுத்துட்டாருங்க’ என்ற வாக்கியம் முதலில் வெளிவரும்.

இவ்வகையினரே பெரும்பாலும் பின்பக்க விவரங்களையும் பக்கத்துக் கம்பெனிப் பொட்டலத்தைப் பார்த்து எழுதிக்கொள்ளச் சொல்வார்கள். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிமத்தின் பதினான்கு இலக்க எண், நிகர எடை, எல்லா வரிகளும் உட்பட்ட அதிகபட்ச விலை, தயாரிப்பாளர் முகவரி, சைவ உணவுக்குரிய பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் என்று ஒவ்வொன்றுக்கும் விதியிருக்கிறது. இவற்றையெல்லாம் தமது கைப்பட எழுதிக் கொடுக்கத் தயாராக இருப்பவரே தொழில் நடத்தும் எண்ணமுடையவர். உரிம எண்ணைக் கேட்டதும், ‘அதுக்கு ஏதாச்சும் ஒரு நம்பர் போட்டு வையுங்க, அப்புறம் மாத்திக்கலாம்’ என்கிறவரிடம் நான் அட்வான்ஸ்கூட வாங்குவதில்லை.

மற்றக் குறிகளைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். முன்னே வேலை செய்த டிசைனர்கள் அனைவரும் அயோக்கியர்கள் என்று புகார் சொல்லி, ‘ஓப்பன் ஃபைலைத் தர மாட்டேன்னுட்டானுங்க’ என்று குமுறுகிறவரிடம், அவர்களுக்குப் பாக்கி ஏதேனும் நிற்கிறதா என்று சாதாரணமாக விசாரித்துப் பாருங்கள்; அநேகமாக நின்றுகொண்டிருக்கும். பில் வேண்டாம், பதினெட்டு சதவீத ஜி.எஸ்.டி.யைக் கழித்துவிடுங்கள் என்று ஆரம்பத்திலேயே கேட்கிறவர், கணக்கில் வராத வேலைக்குக் கணக்குக் கேட்க உங்களுக்கு வழியில்லாமல் செய்துவிடுகிறார். ஆடிப்பெருக்கிலேயே சிவகாசியில் புதுக் காலண்டர் ஆல்பம் வெளியாகிவிட்டபின், டிசம்பர் கடைசி வாரத்தில் வந்து புத்தாண்டுக்குக் காலண்டர் வேண்டுமென்று பறக்கிறவரின் அவசரத்துக்கு அவரே காரணம். அந்த அவசரத்துக்குத் தனிக் கட்டணம் உண்டென்று சொன்னால் பாதி அவசரம் தணிந்துவிடும்.

எழுதிக்கொள்வதும் சொல்லிவிடுவதும்

குறிகளை அறிவது பாதிதான். நல்லவர்களாக வருகிறவர்களையும் நல்லவர்களாகவே இருக்கச் செய்வதற்கு எல்லை வேண்டும். எல்லை என்றதும் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொள்வது என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு பக்கத்துக்கு மேற்படாத கடிதம் போதும்: என்ன செய்து தருகிறோம், எத்தனை மாடல், எத்தனை முறை திருத்தம், அதற்குமேல் போனால் என்ன கட்டணம், பாதிப் பணம் தொடங்குமுன், மீதி ஃபைல் கைக்கு வருமுன். லோகோ மட்டும் என்று பேசிய வேலையில் விசிட்டிங் கார்டும், லெட்டர்ஹெட்டும், கடைப் பலகையும் ஒவ்வொன்றாக, ‘அதுல இருக்கறதுதானுங்களே, அஞ்சு நிமிஷ வேலை’ என்று வந்து சேருகையில், அந்தக் கடிதத்தை எடுத்துக் காட்டுவதற்குக் கோபம் தேவையில்லை.

இப்படி முன்கூட்டிச் சொன்னால் பெரிய இடத்து வேலை போய்விடுமோ என்று அஞ்சுகிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம். ஆப்பிளை விட்டு வெளியேறி நெக்ஸ்ட் என்ற கம்பெனியைத் தொடங்கியிருந்த ஸ்டீவ் ஜாப்ஸ், 1986-இல் லோகோவுக்காக, ஐ.பி.எம். லோகோவை ஆக்கிய பால் ராண்டை நாடினார். சில மாதிரிகள் காட்ட முடியுமா என்று அவர் கேட்டதற்கு, ஒரே ஒரு தீர்வுதான் தருவேன், அதைப் பயன்படுத்துவதும் விடுவதும் உங்கள் இஷ்டம், ஊதியத்தை மட்டும் கொடுத்துவிட வேண்டும் என்று ராண்ட் சொன்னதாக ஜாப்ஸே பிற்காலத்தில் ஒரு பேட்டியில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஊதியம் ஒரு லட்சம் டாலர். திருப்திப்படுத்துவதற்கு அரியவர் என்று பெயரெடுத்த ஜாப்ஸ் அதற்கு உடன்பட்டார். ராண்டின் கியாதி நமக்கில்லை என்பது மெய்தான். ஆகையால் நான் இரண்டு மாடலும் மூன்று திருத்தமும் தருகிறேன். எண்ணிக்கை எதுவாயினும், வேலை தொடங்குமுன் சொல்லப்படும்போது அது நிபந்தனை. நடுவில் சொல்லப்படும்போது சண்டை.

திருத்தம் என்றவுடன் வாட்ஸ்அப் ஞாபகத்துக்கு வருகிறது. இரவு பதினொரு மணிக்கு, டி.வி. சத்தம் பின்னணியில் கேட்க, ‘அந்தப் பச்சை கொஞ்சம்… எப்படிச் சொல்றது… இன்னும் கொஞ்சம் பச்சையா’ என்று வரும் குரல்பதிவைத் திருத்தமாக எடுத்துக்கொண்டால் முடிவே இராது. மறுநாள் காலையில், அவர் சொன்னவற்றை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு எழுதி அனுப்பி, இவை மட்டுந்தானா, இவற்றுக்கு ‘ஒப்புதல் அளிப்பவர்’ சம்மதித்துவிட்டாரா என்று கேட்டுப் பதில் வந்தபிறகே ஃபைலைத் திறக்கிறேன். பாதிக் கோரிக்கைகள் அப்போதே வாபஸ் ஆகிவிடுகின்றன. போன் திரையில் ஒளிவிடும் பச்சை ஆஃப்செட் அச்சில் அப்படியே வராது என்பதையும் அந்தச் சமயத்திலேயே சொல்லி, அச்சடித்த மாதிரியொன்றைக் கையில் கொடுத்துவிட வேண்டும்.

ப்ரூஃப் விஷயத்தில் இன்னும் கண்டிப்பு அவசியம். சிவகாசிக்கு ஃபைல் போய், பிளேட் எடுத்து, மெஷினில் ஏறியபின், பெட்டியின் மேலுள்ள டெலிபோன் நம்பரில் ஓர் இலக்கம் இடம் மாறியிருக்கிறதென்று தெரியவந்தால், அச்சடித்த அட்டையை ஒருவரும் தின்ன முடியாது. ஆதலால், ப்ரூஃபைக் காகிதத்தில் எடுத்து, பெயர், முகவரி, நம்பர், விலை ஆகியவற்றைச் சுற்றிப் பென்சிலால் வட்டமிட்டு, ‘சரிபார்த்தேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்கிறேன். கையெழுத்துப் போடும்படி கேட்டதும் மனிதர்கள் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு படிக்கத் தொடங்குவதைப் பார்க்க வேண்டும்! ‘எல்லாம் சரியாத்தான் இருக்குமுங்க’ என்று சொல்லிக்கொண்டிருந்த அதே மனிதர் மூன்று பிழைகளைக் கண்டுபிடிப்பார்.

உரிமையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பணம் கொடுத்துவிட்டால் எல்லாம் தம்முடையதே என்று வாடிக்கையாளர் நினைக்கிறார். வரைந்தவன் நான், ஆகவே என்னுடையதே என்று நாம் நினைக்கிறோம். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை மாற்றிக்கொடுப்பது உரிமையாளர் கையெழுத்திட்ட எழுத்தில் இருந்தால்தான் செல்லும். முழுத் தொகையும் வந்து சேர்ந்த அன்று லோகோவின் உரிமை தங்களைச் சேரும் என்ற வாக்கியத்தைக் கடிதத்தில் சேர்த்துவிட்டால், அது அவருக்கும் காப்பு, நமக்கும் காப்பு. அதுவரை அவர் கையில் இருக்க வேண்டியது பார்ப்பதற்குரிய சிறிய ஜே.பி.ஜி. மட்டுமே.

மீதிப் பணத்துக்கு நடையாக நடக்கிறவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய சட்டம் ஒன்றும் இருக்கிறது. உத்யம் தளத்தில் கட்டணமில்லாமல் பதிந்துகொண்ட குறு, சிறு நிறுவனத்துக்கு, 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்து மூலமான ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாட்களுக்குள்ளும், இல்லாவிட்டால் 15 நாட்களுக்குள்ளும் பணம் வந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவித்த வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கில், மாதந்தோறும் கூட்டுவட்டி. போதாக்குறைக்கு, 2023-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் கொண்டுவந்த மாற்றத்தினால், அந்தக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, கொடுத்து முடிக்கும்வரையில், வாங்கியவர் வருமான வரியில் செலவாகக் காட்டிக்கொள்ளவும் இயலாது. மார்ச் மாதத்தில் இதை அவருடைய ஆடிட்டரின் காதில் போட்டுவைத்தால், நாம் பத்து முறை போன் செய்வதைவிட அது நன்றாக வேலை செய்கிறது.

சொந்தக்காரர்கள்

இனி, எந்தக் கடிதமும் செல்லாத இடம் ஒன்றிருக்கிறது. தை பிறந்தாலும் ஆவணி பிறந்தாலும் கல்யாணப் பத்திரிகை டிசைனுக்காக மாமாவும் சித்தப்பாவும் வந்துவிடுவார்கள். ‘நம்ம பையன்தானே’ என்ற உரிமையோடு வருகிறவரிடம் கொட்டேஷனை நீட்டுவது எப்படி? இங்கே என் வழக்கம், முழுவதும் இலவசம் அல்லது முழுக்கட்டணம். இரண்டுக்கும் நடுவே ஒன்றும் கிடையாது. பாதி விலைக்குச் செய்தால், கொடுத்தவர் பணம் கொடுத்துவிட்டதாகவும், செய்தவன் தானம் செய்துவிட்டதாகவும் எண்ணிக்கொண்டு, இருவரும் மனஸ்தாபப்படுகிறார்கள். நெருங்கிய உறவென்றால், ‘மாமா, இது என்னோட மொய்யுங்க’ என்று சொல்லியே செய்துகொடுத்து, மண்டபத்தில் மொய் எழுதுகிற இடத்தை வெறுங்கையோடு கடந்து போய்விடுகிறேன். மொய் என்று சொல்லிவிட்டபின் ஏழாவது திருத்தம் கேட்க மாமாவுக்கே கூச்சமாகிவிடுகிறது.

மறுப்பதும், மறுக்க முடியாமற்போவதும்

மறுக்க வேண்டியவரை மறுக்கும்போது, அவருடைய குறையை எடுத்துச் சொல்வதில் பிரயோஜனமில்லை. ஊர் சிறியது, நாளைக்கே ஒரு ரிசப்ஷனில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருப்பார். ‘உங்களுக்குத் திருப்தியாகிற மாதிரி இதை எங்களால செய்ய முடியாதுங்க’ என்ற ஒரே வாக்கியத்தில் நிறுத்திக்கொண்டு, காரணம் கேட்டாலும் அதையே திரும்பச் சொல்வது நலம். பாதியில் நிறுத்த நேர்ந்தால், செய்த வேலைக்கு மட்டும் பில் போட்டு, அட்வான்ஸில் மிச்சமிருப்பதை அன்றே திருப்பிக் கொடுத்து, முடிந்தவரையிலான ஃபைலையும் கொடுத்துவிட வேண்டும். பிடித்துவைத்துக்கொள்வது பழிவாங்குவதாகத்தான் முடியும்.

இவ்வளவையும் படித்தபின், வாடகை கட்ட வேண்டிய ஐந்தாம் தேதி நெருங்க, கையில் வேறு வேலையில்லாத சமயத்தில், எல்லாக் குறிகளும் ஒருங்கே அமைந்த ஒருவர் வந்து நின்றால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி; அப்போது வேலையை ஏற்றுக்கொள்வதில் அவமானம் ஏதுமில்லை. பாதிக்குப் பதில் முழுத் தொகையையும் முன்னதாகக் கேளுங்கள். மூன்று திருத்தத்துக்குப் பதில் ஒன்று என்று எழுதுங்கள். கேட்டலாக் முழுவதையும் ஒப்புக்கொள்ளாமல் அட்டையை மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். குறிகள் தெரிந்திருப்பதன் உபயோகம் ஆளை விரட்டுவது மட்டுமல்ல. எவ்வளவு முன்பணம் கேட்க வேண்டும் என்பதையும் அவைதாம் சொல்லிக்கொடுக்கின்றன. அந்தத் தொகையைக் கேட்டு அவர் எழுந்து போய்விட்டால் வாடகைக்கு வேறு வழி தேட வேண்டியதுதான். எண்ணி மேஜைமேல் வைத்துவிட்டாரானால், அவரைப் பற்றி நீங்கள் பயந்ததில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். மீதிப் பாதிக்கு அந்த ஒரு பக்கக் கடிதம் இருக்கிறது.